சிட்டையும் பேரேடும்: ஃபேன்டசி நாவலிலிருந்து ஆங்கிலச் சொல் சேர்க்கும் முறை

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் அறிந்திருந்தும், ஒரு முழு நாவலைக் கையிலெடுக்கத் தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு வயதில் நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் ஆங்கில ஃபேன்டசி நாவலும் மறுகையில் அகராதியுமாக, தெரியாத சொல் ஒவ்வொன்றின் தலைமேலும் பென்சிலால் பொருள் எழுதிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் அத்தியாயத்தை எட்டியபோது முதல் அத்தியாயத்தின் கதையும் மறந்திருந்தது, எழுதிவைத்த பொருள்களும் மறந்திருந்தன. புத்தகம் பெட்டகத்துக்குள் போய்விட்டது.

பல ஆண்டுகள் கழித்து அதே பெட்டகத்தைத் துடைத்து அடுக்கியபோது, ஐயா (தாத்தா) பர்மாவில் அடுத்தாளாக, அதாவது கடை முகவருக்கு அடுத்த நிலை உதவியாளராக, வேலைபார்த்த காலத்துக் கணக்குப் புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம், பெரிது சிறிது பாராமல், நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதப்பட்டிருந்தன. பேரேட்டிலோ, திரும்பத் திரும்ப வரும் பேர்களுக்குத் தனித்தனிப் பக்கம் இருந்தது. ஒருமுறை வந்துபோன சில்லறைச் செலவுகள் ஒரே தலைப்பின்கீழ் மொத்தமாக முடிக்கப்பட்டிருந்தன. நான் இங்கே விளக்கும் முறை முழுவதும் அந்தப் பிரிவினையிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். நாவலில் முதல்முறை எதிர்ப்படும் புதுச்சொல் சிட்டைக்கு மட்டுமே போகும். அதே சொல் மறுபடியும் வந்து நின்றால்தான் அதற்குப் பேரேட்டில் பக்கம் ஒதுக்கப்படும். ஒருமுறை தலைகாட்டிவிட்டு, அதன்பின் முந்நூறு பக்கங்களுக்கும் திரும்பி வராத சொல்லுக்காக யாரும் தம் மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியதில்லை.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன், இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பிறர் உதவியின்றி ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவைக் காட்டியது. ஒரு பக்கத்தில் 300 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், தெரியாதவை ஆறைத் தாண்டக்கூடாது என்று பொருள். அவரே 2006-இல் போட்ட கணக்கின்படி, ஆங்கில நாவல்களில் இந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம்; இது அகராதியே இல்லாமல் படிப்பவருக்கான அளவு. சிட்டையோடு உட்காருகிறவர் பக்கத்துக்குப் பத்துச் சொற்கள் தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பது என் அனுபவம். பதினைந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை ஓர் ஆண்டு ஒதுக்கிவைப்பதே நல்லது.

இந்தச் சோதனையைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் செய்யக்கூடாது. ஃபேன்டசி நாவலின் தொடக்கப் பக்கங்களில் ஊர்ப்பெயர்களும் குலப்பெயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்பதால், அங்கே எண்ணினால் எவருக்கும் தோல்விதான் மிஞ்சும். நடுவில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து, விரல் மடக்கி எண்ண வேண்டும்.

முதல் நூலாக நான் பரிந்துரைப்பது சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. பதினேழே அத்தியாயங்கள், சிறிய வாக்கியங்கள், ஏழு நூல்கள் கொண்ட வரிசையில் ஒன்று. அதை முடித்தவர் 1937-இல் வந்த டோல்கீனின் ‘தி ஹாபிட்’டுக்குப் போகலாம். ஜே. கே. ரோலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நாவலைத் தொடங்குகிறவர் பதிப்பைக் கவனிக்க வேண்டும். 1997-இல் வந்த பிரித்தானியப் பதிப்பில் ‘ஜம்பர்’ என்றிருக்கும் உடை, மறு ஆண்டு வந்த அமெரிக்கப் பதிப்பில் ‘ஸ்வெட்டர்’ ஆகிவிட்டது. இரண்டில் எதைப் படித்தாலும் தவறில்லை, ஆனால் ஒரு பதிப்பைப் படித்துக்கொண்டே மற்றதன் ஒலிநூலைக் கேட்டால் குழப்பம் வரும். பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட, தலையணை தடிமனுள்ள பல பாக நாவல்களை முதலில் தொடவே வேண்டாம்.

இத்தனை வகைகள் இருக்க ஃபேன்டசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துப்பறியும் கதையில் அடுத்தது என்ன நடக்கும் என்பது மறைத்துவைக்கப்பட்டிருக்கும். ஃபேன்டசியிலோ கதையின் எலும்புக்கூடு நமக்கு முன்பே தெரியும். ஏழு கடல் ஏழு மலை தாண்டிப் போகும் இளவரசனையும், உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைத்த அரக்கனையும், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தையும் ஆயாவிடம் கேட்டு வளர்ந்தவருக்கு, குகைக்குள் புதையலைக் காக்கும் டிராகன் அந்நியமாகத் தோன்றாது. கதை தெரிந்தால் சொல்லை ஊகிக்கலாம். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். மேடையில் சொல்லப்படும் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்ல அவையில் பலரால் இயலாது. ஆனாலும் இராமன் எங்கே நிற்கிறான், எதிரே யார் என்பது தெரிந்திருப்பதால் பாட்டு அவர்களுக்குப் புரிகிறது. அங்கே செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்திலும் செய்யச் சொல்கிறேன்.

சிட்டை

சட்டைப் பையில் அடங்கும் சிறிய குறிப்பேடு ஒன்றும் பென்சிலும் போதும். நாளுக்கு அரை மணி நேரம், முடிந்தவரை ஒரே வேளையில், படிக்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் அதையும் பக்க எண்ணையும் மட்டும் சிட்டையில் குறித்துக்கொண்டு மேலே போய்விட வேண்டும். பொருள் எழுதக்கூடாது, அகராதியைத் திறக்கக்கூடாது. சொல் புரியாததால் காட்சியே புரியவில்லை, யார் யாரை அடித்தார் என்பதே தெரியவில்லை என்ற நிலையில் மட்டும் இந்த விதியை மீறலாம்.

அகராதிக்குப் பதிலாக அந்த நேரத்தில் வாசகர் செய்ய வேண்டியது ஊகம். ஆங்கிலச் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டும் உறுப்புகள் இதற்குப் பெரிதும் உதவும். ‘லெஸ்’ என்று முடிந்தால் நம் ‘அற்ற’. ‘ஃபியர்லெஸ்’ அச்சமற்ற, ‘மூன்லெஸ்’ நிலவற்ற. ‘அன்’ என்று தொடங்கினால் பெரும்பாலும் எதிர்மறை. ‘ஃபோர்’ என்று தொடங்கும் ‘ஃபோர்டெல்’, ‘ஃபோர்சி’ போன்றவற்றில் ‘முன்’ என்ற பொருள் இருக்கும். தீர்க்கதரிசிகள் நிறைந்த ஃபேன்டசியில் இவை அடிக்கடி வரும். ஊகம் தவறாகப் போனாலும் நட்டமில்லை. ‘செஸ்ட்’ என்பதை மார்பு என்று மட்டுமே அறிந்திருந்த நான், புதையலைத் தேடிப்போனவர்கள் மண்ணைத் தோண்டி ஒரு மார்பை வெளியே எடுப்பதாகப் படித்துத் திகைத்தேன். அது பெட்டி என்று தெரிந்தபின் இன்றுவரை மறக்கவில்லை.

ஆசிரியர் தாமே படைத்த சொற்கள் சிட்டையில் ஏறக்கூடாது. பெரும்பாலும் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்கள், மந்திரச் சொற்கள், கற்பனை உயிரினங்களின் இனப்பெயர்கள் ஆகியவை அந்த நூலைத் தாண்டிப் பயன்படாதவை. ஐயமிருந்தால் சிட்டையில் எழுதிவிட்டு, சாதாரண அகராதியில் கிடைக்காதபோது அடித்துவிடலாம்.

பேரேடு

சிட்டையில் ஏற்கெனவே இருக்கும் சொல் இரண்டாம்முறை எதிர்ப்பட்டதும் அதன் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். படித்து முடித்தபின், கோடு விழுந்த சொற்களில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அகராதிக்குப் போகலாம். ஐந்து குறைவென்று தோன்றும். ஆனால் நாள்தோறும் ஐந்து என்பது மாதத்துக்கு நூற்றைம்பது. எண்ணிக்கையைக் கூட்ட ஆசைப்பட்டவர்கள் பத்து நாளில் பேரேட்டையே மூடிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய நோட்டில் ஒரு சொல்லுக்கு அரைப் பக்கமாவது விட வேண்டும். மேலே சொல். அதன்கீழ் நாவலில் அது வந்த வாக்கியம், பக்க எண்ணோடு. அடுத்து, அந்த இடத்துக்குப் பொருந்தும் தமிழ். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று எழுதிவிடுகிறார்கள். ‘கிரிம்’ என்ற சொல் ஒருவரின் முகத்தைக் குறித்து வந்தால் இறுகிய முகம். செய்தியைக் குறித்து வந்தால் கொடிய செய்தி. கோட்டையைக் குறித்து வந்தால் பார்த்தாலே மனம் சுருங்கும் தோற்றம். முதல்நாள் ‘இறுகிய’ என்று மட்டும் எழுதிவைத்தவர், இறுகிய செய்தி என்றால் என்ன என்று பின்னர் தவிப்பார். எனவே சொல் வரும் இடமெல்லாம் அதே பக்கத்தில் புதிய வரியாகப் பதிய வேண்டும். அரைப் பக்கம் விடச் சொன்னது அதற்காகத்தான். அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒரு சொல்லுக்குப் பல தமிழ்ச் சொற்களைத் தருவதால் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. இணையத்திலும் அது காணக் கிடைக்கிறது. மாணவர்களுக்கென்று எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்றும் கூடவே வேண்டும்.

கடைசி வரியாக, அந்தச் சொல்லை வைத்து நம் ஊரைப் பற்றி நாமே ஓர் ஆங்கில வாக்கியம் எழுத வேண்டும். ஃபேன்டசி நாவலின் சொற்களில் பெரும்பங்கு டிராகனைப் பற்றியவை அல்ல; பழைய வீடு, நீண்ட நடை, விளக்கு வெளிச்சம், சாப்பாடு, மழை இவற்றைப் பற்றியவை. செட்டிநாட்டில் வாழ்கிறவருக்கு இவற்றில் பலவும் கையெட்டும் தூரத்தில் உள்ளன.

வீட்டையே எடுத்துக்கொள்வோம். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒருமுறை நடந்தால், அந்த நாவல்களில் வரும் மாளிகைகளின் சொற்கள் பாதி கிடைத்துவிடும். பர்மா தேக்கில் கடைந்த நிலையின் அடியில் நாம் தாண்டும் படி ‘திரெஷோல்ட்’. கதவைத் தாங்கும் கீல் ‘ஹிஞ்ச்’. கதைகளில் அது எப்போதும் துருப்பிடித்துக் கிறீச்சிடும், நம் வீட்டிலும் அப்படித்தான். வீட்டின் உள்கட்டான வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் ‘கோர்ட்யார்ட்’; அதைச் சுற்றி நிற்பவை ‘பில்லர்’. மழைநீர் சொட்டும் கூரை விளிம்பு ‘ஈவ்ஸ்’. அண்ணாந்து பார்த்தால் தெரியும் உத்தரம் ‘பீம்’, கைமரம் ‘ராஃப்டர்’. அரிசியும் பருப்பும் ஊறுகாய் ஜாடியும் இருக்கும் சாமான் அறை ‘பேன்ட்ரி’. மின்சாரம் போனால் எடுக்கும் அரிக்கேன் விளக்கு ‘லான்டர்ன்’ வகையைச் சேர்ந்தது. அரிக்கேன் என்பதே சூறாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததென்பதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். இப்படி ஒவ்வொரு சொல்லையும் ஓர் இடத்தில் வைத்துவிட்டால், கண்ணை மூடி வீட்டுக்குள் நடந்தே அவற்றைத் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு பொருளிலும் காகிதத் துண்டு ஒட்டுவதும் ஒரு வழிதான். நான் நிலைப்படியில் ஒட்டியதை, மஞ்சள் குங்குமம் வைக்கிற இடத்தில் இது என்ன என்று கேட்டு அப்பத்தா அன்றைக்கே கிழித்துவிட்டார்கள்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஹார்த்’ என்பதை அடுப்படி என்று எழுதினால் பாதிப் பொருள்கூட வராது. குளிருக்காகக் குடும்பமே சுற்றி உட்காரும் கணப்பின் முன்னிடம் அது, நம் வெயிலுக்கு அப்படியோர் இடம் தேவைப்படவில்லை. ‘மூர்’, ‘ஃபென்’ போன்ற குளிர்நாட்டு நிலப்பெயர்களுக்குச் செம்மண் காட்டையும் கண்மாயையும் இழுத்துக் கட்டுவது வீண். இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதினால் போதும்.

வினைச்சொற்களே இந்த வகை நூல்களின் உண்மையான ஆதாயம் என்பேன். பாத்திரங்கள் ஓயாமல் நடப்பதால், நடைக்கே ஒரு டஜன் சொற்கள் வரும். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையைப் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் பிரித்துக்கொள்ளலாம். முதல்நாள் காலையில் எட்டிப் போடும் நடை ‘ஸ்ட்ரைட்’. நான்காம் நாள் பிற்பகலில், கால் கனக்க, தலை குனிந்து இழுத்துப்போகும் நடை ‘ட்ரட்ஜ்’. கொப்புளம் கண்ட காலோடு நொண்டுவது ‘லிம்ப்’. கல் தடுக்கித் தடுமாறுவது ‘ஸ்டம்பிள்’. பேச்சுக்கும் இப்படியே. முணுமுணுப்பது ‘மட்டர்’, கிசுகிசுப்பது ‘விஸ்பர்’, குறைப்பட்டுக்கொள்வது ‘கிரம்பிள்’, சீறுவது ‘ஹிஸ்’. இவை டிராகனோடு முடிந்துபோகாமல், அலுவலகத்திலும் பேருந்திலும் பயன்படுபவை.

வெளிச்சச் சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கிளீம்’, ‘கிளிட்டர்’, ‘கிளிம்மர்’, ‘கிளிஸன்’, ‘கிளின்ட்’, ‘கிளோ’ எல்லாம் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. தமிழில் இரட்டைக்கிளவி செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இந்த முதலொலி ஓரளவு செய்கிறது. பளபளப்பது ‘கிளிட்டர்’, மங்கலாக மினுங்குவது ‘கிளிம்மர்’, ஈரத்தில் மின்னுவது ‘கிளிஸன்’, தணலைப்போல் ஒளிர்வது ‘கிளோ’ என்று ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிவைத்தால், ஒன்று மற்றதை நினைவூட்டும்.

ஒலியும் நடையும்

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பேரேட்டில் அப்படிச் செய்யக்கூடாது. கரடி, பேரிக்காய், இணை மூன்றும் தமிழ் எழுத்தில் ‘பேர்’ ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஃபேன்டசியில் ஒலிக்காத எழுத்துகளுக்குப் பஞ்சமேயில்லை. வாளின் ஆங்கிலப் பெயரில் இரண்டாம் எழுத்து ஒலிக்காது, ‘சோர்ட்’ என்பதே சரி. கோட்டையின் பெயரில் நடுவிலுள்ள ‘டி’ ஒலிக்காது, கல்லறையின் பெயரில் கடைசி ‘பி’ ஒலிக்காது. குதிரைவீரனும் இரவும் காதுக்கு ஒன்றே. கைபேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, வாய்விட்டு மும்முறை சொல்வது போதும். வாரம் ஒருமுறை, படித்து முடித்த அத்தியாயத்தை ஒலிநூலில் கேட்பது அதைவிடச் சிறந்தது.

பழைய நடைச் சொற்களுக்குப் பேரேட்டில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். ‘பிஹோல்ட்’, ‘யாண்டர்’, ‘அலாஸ்’, ‘தவ்’ போன்றவை, நம் ‘யாண்டு’, ‘அந்தோ’ போல, படிக்கும்போது புரிய வேண்டியவை, எழுதும்போது எடுக்கக் கூடாதவை. கடன் விண்ணப்பத்தோடு இணைத்த கடிதத்தில் ‘பிஹோல்ட்’ எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும், அவர் நான்தான். எழுத்தாளர்கள் வேண்டுமென்றே செய்யும் மீறல்களுக்கும் அதே புள்ளியை வைக்கலாம். 1919-20-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பணியிலேயே இருந்த டோல்கீன், குள்ளர்களைப் பன்மையில் வழக்கமான ‘ட்வார்ஃப்ஸ்’ என்னாமல் ‘ட்வார்வ்ஸ்’ என்றே எழுதினார்.

ஐந்தொகை

எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இல் தம்மையே சோதித்து வெளியிட்ட நூலின்படி, கற்றவற்றில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே கழன்றுவிடுகிறது. அதன்பின் மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே பேரேட்டில் எழுதிய சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மாதக் கடைசியில் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால் மேய்வதன்று. வாக்கியத்தில் அந்தச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு, அது எதுவென்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையன்று ஐந்தொகை (இருப்பும் கடனும் காட்டும் முடிவுக் கணக்கு) எடுப்பதுபோல, அந்த வாரச் சொற்களில் நினைவிலிருப்பவை எத்தனை, போனவை எத்தனை என்று எண்ணி எழுதினால் போதும். மூன்று முறையும் நினைவுக்கு வராத சொல்லை வாராக்கடனாகத் தள்ளிவிடலாம். வேண்டிய சொல்லாக இருந்தால் நாவலே அதை மறுபடி கொண்டுவரும். கடல் கடந்து போகாத ஆச்சிமார்கள்கூட இந்தப் பக்கத்தில் பீங்கான் தட்டை ‘மங்கு’ என்கிறார்கள். மலாய் மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லை அவர்கள் எழுதிவைத்துப் படிக்கவில்லை, நாள்தோறும் அந்தத் தட்டைக் கழுவினார்கள்.

முதல் நாவல் முடிய நான்கைந்து மாதங்கள் ஆகலாம். இரண்டாவதாக எடுக்கும் நூல் அதே ஆசிரியருடையதாக, முடிந்தால் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஒருவருடைய சொல்வழக்கு நூலுக்கு நூல் திரும்ப வருவதால், முதல் நூலின் பேரேடு அங்கே நேரடியாக உதவும். அப்போது சிட்டையைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பேரேடு மட்டும் பழையதே தொடர வேண்டும்.